பரிசோதனைக்கு வராத ஆண்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்?

கேள்வி: கோவைக்கு அருகே, பம்ப்செட் பாகங்களுக்கு இரும்பு வார்ப்புகள் செய்து கொடுக்கும் ஒரு பவுண்டரியில் பணியாளர் பிரிவுப் பொறுப்பாளராக இருக்கிறேன். சுமார் 180 தொழிலாளர்கள், எல்லோரும் ஆண்கள். பாதிப் பேர் உள்ளூர்க்காரர்களும் விருதுநகர், மதுரைப் பக்கத்தவர்களும். மீதிப் பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். கடந்த ஆண்டு இரவு ஷிப்டில், மணலில் வார்ப்பு அச்சு செய்யும் 44 வயது மோல்டர் ஒருவர் நெஞ்செரிச்சல் என்று சொல்லி, சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தார். விடிவதற்குள் இறந்துவிட்டார். அதன்பிறகு ஆண்களின் உடல்நலம் பற்றிச் சுவரொட்டிகள் ஒட்டினோம், மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேச வைத்தோம், நவம்பரில் இலவச முகாமும் நடத்தினோம். வந்தவர்கள் 30 பேர்கூட இல்லை. அவர்களிலும் பாதிப் பேர் அலுவலக ஊழியர்கள். மற்றவர்கள் "எங்களுக்கு என்னம்மா குறை?" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். இத்தனைக்கும் முந்தைய முகாமில் ரத்த அழுத்தம் அதிகம் என்று தெரியவந்த கிரேன் ஆபரேட்டரை, அவருடைய பாதுகாப்பை எண்ணித்தான் கீழ் வேலைக்கு மாற்றினோம். இவ்வளவு அக்கறை காட்டியும் ஏன் விழிப்புணர்வு வரவில்லை? நான் பெண் என்பதால் தயங்குகிறார்களா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு தொழிலாளியின் மரணத்தை இழப்பீட்டுக் கோப்போடு மூடிவிடாமல், இன்னொருவருக்கு அப்படி நேரக்கூடாது என்று பாடுபடுகிறீர்கள். அதற்கு என் வணக்கம். ஆனால் நீங்கள் தேடும் விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கிரேன் ஆபரேட்டரைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்.

அவரைக் கீழே இறக்கியபோது கிரேன் ஓட்டுவதற்கான படி (அலவன்ஸ்) நின்றுபோனதா? ஓவர்டைம் குறைந்ததா? நேற்றுவரை அவருடைய கைச் சைகைக்குக் காத்திருந்த ஹெல்ப்பர்களோடு சேர்ந்து மண் அள்ள வேண்டி வந்ததா? இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் போதும், உங்கள் தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வு வந்துவிட்டது. முகாமுக்குப் போனால் வேலை பறிபோகும் என்பதுதான் அந்த விழிப்புணர்வு. டீக்கடையில் அந்தச் செய்தி பரவ ஒரு நாள்கூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு எந்தச் சுவரொட்டி என்ன சொன்னாலும் எடுபடாது.

ஆண்கள் உடம்பைப் பற்றி அக்கறையில்லாதவர்கள், அறியாதவர்கள் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவுகட்டிவிடுகிறோம். தொழில்நல மருத்துவனாக நான் பேசிய தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை என்றால் என்ன, பிரஷர் என்றால் என்ன என்பது நன்றாகவே தெரியும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்ததைப் பார்த்தவர்கள். அவர்களை நிறுத்துவது சீட்டில் வரப்போகும் எண். அந்த எண் யார் கைக்குப் போகும், அடுத்த மாதச் சம்பளத்தை என்ன செய்யும் என்ற கணக்கு. மகளின் கல்லூரிக் கட்டணம், மைக்ரோ பைனான்ஸ் தவணை என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் வழி சொல்லி வைத்திருப்பவர், தெரியாமலே இருப்பதுதான் லாபம் என்று நினைத்தால் அது மடமை ஆகாது. அந்தக் கணக்கை மாற்றக்கூடியது நிர்வாகம் மட்டும்தான். ஆகவே உங்கள் முதல் வேலை தொழிலாளர்களிடம் பேசுவது அன்று, முதலாளியிடம் பேசுவது.

முதலாளியின் கையெழுத்தோடு ஒரு பக்கத்தில் வாக்குறுதி எழுதி வாங்குங்கள். பரிசோதனை முடிவு தொழிலாளிக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரியும். மருத்துவர் நிர்வாகத்துக்குத் தரும் சீட்டில் "வேலைக்குத் தகுதி", "இன்ன கட்டுப்பாட்டுடன் தகுதி", "தற்காலிகமாகத் தகுதியில்லை" என்ற மூன்றில் ஒன்று மட்டுமே இருக்கும். நோயின் பெயரோ எண்ணோ இருக்காது. சிகிச்சைக்காக ஒருவரை வேறு வேலைக்கு மாற்ற நேர்ந்தால், குறைந்தது மூன்று மாதம் படி உட்பட பழைய சம்பளம் குறையாது. மருத்துவர் சரி என்றதும் அவருடைய இடம் அவருக்கே. இதைத் தமிழிலும் இந்தியிலும் டைம் ஆபீஸ் வாசலில் ஒட்டுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அவர்களை முதலில் அழைத்துக் காட்டுங்கள். நோட்டீசைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

கிரேன் விஷயத்தில் உங்கள் பதற்றமும் நியாயம்தான். உருகிய இரும்பு நிறைந்த லேடிலைத் தூக்குகிறவருக்குத் தலைசுற்றினால் கீழே நிற்பவர்கள் உயிரும் போகும். ஆனால் ஒரே ஒரு முறை பார்த்த அளவை வைத்து ஒருவரை இறக்குவது தவறு. அவசரமாகக் கவனிக்க வேண்டிய அளவுக்கு மிக அதிகமாக இருந்தால் தவிர, வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90-க்கு மேலேயே இருந்தால்தான் உயர் ரத்த அழுத்தம் என்று முடிவு செய்வோம். பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே அது கட்டுக்குள் வந்துவிடும். அவருக்கு இப்போது எவ்வளவு இருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? கட்டுக்குள் இருந்தால் அவரைத் திரும்ப மேலே ஏற்றுங்கள், விட்டுப்போன படியையும் கொடுங்கள். நீங்கள் ஆயிரம் ரூபாய் செலவழித்து அச்சடிக்கும் எதைவிடவும் அது பேசும்.

அடுத்து, முகாம் நடத்திய விதம். உங்கள் முகாமை நான் பார்க்கவில்லை. ஆனால் தொழிற்சாலை முகாம்கள் பலவும் எப்படி நடக்கின்றன என்று தெரியும். ஷிப்ட் முடிந்தபின், கேண்டீனில், நீண்ட வரிசை. உலைப் பக்கத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தவருக்கு நின்ற நிலையிலேயே பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்ப்பார்கள். மேசையில் இருப்பவர் "சுகர் 320" என்று எழுதுகிறவரிடம் உரக்கச் சொல்வார். வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும். பின்னால் ஒருவன் "அண்ணன் வீட்டில் சர்க்கரை வாங்கவே வேண்டாம்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அடுத்த முகாமில் அவரைப் பார்க்க முடியாது.

ஷிப்ட் நேரத்திலேயே, சம்பளத்தோடு, பிரிவுவாரியாக ஆறேழு பேராக அழைத்து வாருங்கள். கதவுள்ள அறை வேண்டும். இல்லாவிட்டால் திரையாவது வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, முந்தைய அரைமணி நேரத்தில் டீயோ பீடியோ இல்லாமல் இருந்தால்தான் ரத்த அழுத்த அளவை நம்பலாம். முடிவை ஒரு சீட்டில் எழுதி மடித்து அவர் கையில் கொடுங்கள். வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தியில் எழுதிக் கொடுங்கள். அதை வாங்கிப் படித்துச் சொல்ல மேஸ்திரியை நடுவில் நிறுத்தாதீர்கள்.

முகாமைவிடவும் முக்கியம், முகாமுக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்பது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. மருத்துவர் ரொனால்ட் விக்டரின் குழு 52 முடிதிருத்தும் கடைகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே வழக்கமாக வரும் கறுப்பின ஆண்களில் ரத்த அழுத்தம் அதிகமாக இருந்த 319 பேரைச் சேர்த்துக்கொண்டது. ஒரு பகுதிக் கடைகளில் "டாக்டரைப் போய்ப் பாருங்கள், உணவைக் கவனியுங்கள்" என்று முடிதிருத்துபவர் எடுத்துச் சொன்னார். மற்றக் கடைகளில் மருந்தாளுநரே கடைக்கு வந்து, மருத்துவரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அங்கேயே மாத்திரை எழுதிக் கொடுத்துத் தொடர்ந்து பார்த்தார். ஆறு மாதம் கழித்து, அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 9 புள்ளி குறைந்திருந்தது. கடையிலேயே மருந்து பெற்றவர்களுக்கு 27 குறைந்திருந்தது. ஊர் வேறு, தொழில் வேறு; ஆனால் ஆண்கள் இருக்கும் இடத்துக்கே சிகிச்சை வர வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அதற்கு நம்மிடம் வழி இருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு வீடு தேடிச் சென்று மருந்து தர 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் பின்னர் தொழிற்சாலைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. உங்கள் வட்டார அரசு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். பணியிடத்துக்கே வந்து பார்த்து, மாத மருந்தையும் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். "மருந்து வாங்க அரை நாள் லீவு" என்ற நிலை இருக்கும்வரை எந்தத் தொழிலாளியும் மூன்றாவது மாதத்தைத் தாண்டமாட்டார்.

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐ பற்றியும் ஒரு வார்த்தை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட உங்கள் தொழிலாளர்கள் அதில் இருப்பார்கள். நோய்க்காக விடுப்பு எடுத்தால், தகுதிக் காலச் சந்தா இருக்கும்பட்சத்தில் ஆண்டுக்கு 91 நாட்கள்வரை சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும் என்பது பல தொழிலாளர்களுக்குத் தெரியாது. சில நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இன்னும் அதிக காலத்துக்குக் கிடைக்கும். பிடித்தம் தெரிகிறது, பலன் தெரிவதில்லை. அந்தப் படிவத்தை நிரப்பித்தந்து சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனைக்கு அனுப்பிவைக்க உங்கள் அலுவலகத்தில் ஒருவரை நியமியுங்கள்.

இனி, எதைப் பார்ப்பது? "முழு உடல் பரிசோதனை" என்று விற்கப்படும் பேக்கேஜ்களில் பணத்தைக் கொட்டாதீர்கள். 25 வயது இளைஞனுக்கு புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை எதற்கு? ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு (நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குமேல் போனால் கவனம் வேண்டும்), சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை. பவுண்டரி என்பதால் காது கேட்கும் திறனும் நுரையீரலும் கட்டாயம். அச்சு செய்யும் மோல்டிங், வார்ப்பின் பிசிறை நீக்கும் பெட்லிங் பிரிவுகளில் பறக்கும் மணல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொழில்நோய், ஒருமுறை வந்தால் திரும்பாது. அதைத் தொழிலாளியின் பழக்கவழக்கத்தில் சேர்த்துவிட முடியாது. தூசியை உறிஞ்சும் ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு. "ஆண்கள் உடல்நலம்" என்ற பெயரில் நடைப்பயிற்சியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் தூசியைப் பேசாமல் விட்டால், அவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும்.

வலி மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். இடுப்புவலியோடு ஓவர்டைமை முடிக்க, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோபெனாக்கைத் தினமும் போடுகிறவர்கள் கனமான வேலை செய்யும் இடங்களில் இருக்கிறார்கள். உலை வெப்பத்தில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். ரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். ஷெட்டுக்குள் புகைக்க முடியாது என்பதால் ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலைப் பொட்டலங்களை உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருந்தும் அது கிடைக்காமல் இல்லை. சோதனை எளிது. மூன்று விரல்களைச் சேர்த்து, செங்குத்தாக வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். இரண்டு விரலுக்குமேல் போகவில்லை என்றால் உள்தசை இறுகத் தொடங்கியிருக்கிறது. அதோடு டார்ச் அடித்து, வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிடிபட்டவரைப் புகையிலை வைத்திருந்ததற்காக மெமோ கொடுத்துத் தண்டிக்காதீர்கள். அடுத்தவர் வாயைத் திறக்கமாட்டார்.

ஆண்கள் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அதை நீங்கள் பேச வேண்டியதில்லை, மருத்துவர் பேச வேண்டும். விறைப்புக் குறைபாட்டை ஆண்கள் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறை பஸ் நிலையத்தருகே லாட்ஜில் தங்கி "ஆண்மைக் குறைவு" பார்க்கும் ஆட்களிடம் ரகசியமாகப் போகிறார்கள். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை; கொழுப்பு படிவதன் விளைவு பலருக்கு முதலில் அங்கேதான் தெரியும், நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பாகவே. நாற்பது வயதுக்காரர் ஒருவர் அந்தக் குறையோடு வந்தால் நான் முதலில் பார்ப்பது அவருடைய சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும்தான். லாட்ஜில் கொடுக்கும் பெயரில்லாத சூரணங்களில் சில்டனாபில் என்ற விறைப்பு மருந்து கலந்திருக்கக்கூடும். அதைச் சாப்பிட்டவருக்கு நெஞ்சுவலி வந்து, பக்கத்திலிருப்பவர் நல்ல எண்ணத்தோடு நாக்கின் அடியில் சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரையை வைத்தால், ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய் உயிரே போகலாம். மருத்துவர் தனியறையில் "இல்லற வாழ்க்கையில் ஏதாவது சிரமம் இருக்கிறதா?" என்று எல்லோரிடமும் ஒரே தொனியில் கேட்டாலே போதும், சிலர் உட்கார்ந்து பேசத் தொடங்குவார்கள். ஐம்பதைக் கடந்தவர்களிடம் சிறுநீர் போவதைப் பற்றியும் அப்படியே கேட்கலாம்.

இறந்த மோல்டருக்கு வருகிறேன். நெஞ்சில் எரிச்சல், அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, இவற்றில் எது வந்தாலும் "வாயு" என்று தொழிலாளியும் சொல்லக்கூடாது, சூப்பர்வைசரும் சொல்லக்கூடாது. அது வாயுவா இதயமா என்பதை இசிஜி சொல்லட்டும். முதல் மருத்துவ உதவி கிடைத்த பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுப்பதுதான் முறை. அவர் படுத்த இரவில் ஷிப்ட் சூப்பர்வைசரால் யாரையும் கேட்காமல் வண்டி எடுக்க முடிந்திருக்குமா? கேட் செக்யூரிட்டி, கேட் பாஸ் இல்லாமல் விட்டிருப்பாரா? இந்த இரண்டு கேள்விக்கும் விடை "ஆம்" என்று ஆகும்வரை ஓயாதீர்கள். 108-ஐ அழைக்கவும், வண்டியை எடுக்கவும் எந்தத் தொழிலாளிக்கும் அனுமதி தேவையில்லை என்று எழுதி ஒட்டுங்கள். இரவில் இசிஜி வசதியும் இதய மருத்துவரும் உள்ள மருத்துவமனைகளின் பெயர்களைக் கேட்டிலேயே வைத்திருங்கள். மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்பும் "இதயம் காப்போம்" திட்டம் 2023 முதல் இருக்கிறது. உங்களுக்கு அருகிலுள்ள நிலையம் இரவில் இயங்குகிறதா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். முதலுதவிப் பெட்டியில் ஆஸ்பிரின் வைப்பதையும், யார் யாருக்குக் கொடுக்கலாம் என்பதையும் உங்கள் தொழிற்சாலை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மனநலத்தைத் தனி நிகழ்ச்சியாக வைக்காதீர்கள், யாரும் வரமாட்டார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் ஏறத்தாழ 72 சதவீதம் ஆண்கள். கடன், குடி, ஊரிலிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்பு என்று அது தொடங்கும் இடங்களை உங்கள் சூப்பர்வைசர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள். பேச்சு குறைந்தவரை, திடீரென்று விடுப்பு எடுப்பவரை, ஓவர்டைமை விடாமல் கேட்பவரைத் தனியே அழைத்து, "தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று தொடங்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு ஆண்கள் பதில் சொல்வார்கள். 14416 என்ற எண்ணில் நாள் முழுவதும், கட்டணமின்றி, தமிழிலும் இந்தியிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

நீங்கள் பெண் என்பதால் தயங்குகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு சில விஷயங்களில் தயங்குவார்கள், அதில் தவறில்லை. அவற்றை ஆண் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். மற்றபடி, "என்னம்மா" என்று அழைத்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உங்களை வெறுப்பவர்கள் இல்லை. பிரிவுக்கு ஒருவராக, ஊதியமோ பதவியோ பார்க்காமல், மற்றவர்கள் சொல் கேட்கும் மூத்த தொழிலாளிகளைத் தேர்ந்தெடுங்கள். வடமாநிலத்தவர் குடியிருப்பிலிருந்தும் ஒருவர் வேண்டும். முதல் நாள் அவர்களும், அவர்களோடு முதலாளியும் அதே அறையில் அதே வரிசையில் உட்கார்ந்து கையை நீட்டட்டும்.

சுவரொட்டிகளைக் கிழித்தெறிய வேண்டாம். கேண்டீனிலும் நோட்டீஸ் போர்டிலும் இருப்பவற்றை எடுத்து, கழிப்பறைக் கதவுகளின் உட்பக்கம் ஒட்டுங்கள். அங்கேதான் ஓர் ஆண், யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதியோடு படிப்பான். மீசைப் படமும் பொன்மொழியும் வேண்டாம். மூன்று விரல் சோதனை, நெஞ்சுவலி வந்தால் யாரையும் கேட்காமல் 108, தூக்கமில்லாத இரவுக்கு 14416, மருத்துவர் வரும் கிழமையும் நேரமும், "உங்கள் முடிவு உங்களுக்கு மட்டும்" என்ற முதலாளியின் வரி. இவ்வளவு போதும், தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று.